கத்திப் பிடியில் தொடங்கிய கதை

1840களின் தொடக்கம். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி, ஒரு மலாய்க்காரரின் கையிலிருந்த பாராங் கத்தியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். காட்டில் கொடியும் கிளையும் வெட்டும் சாதாரணக் கத்திதான். அவர் கண்ணில் பட்டது அதன் பிடி. மரமும் இல்லை, கொம்பும் இல்லை. விசாரித்ததில், அது ஒரு காட்டு மரத்தின் பால் என்று தெரிந்தது. கொதிநீரில் போட்டால் இளகும். வேண்டிய வடிவத்துக்குப் பிசைந்து ஆறவிட்டால் இறுகிவிடும். இது ரப்பரைவிட வெயில் தாங்கும், மருத்துவக் கருவிகள் செய்ய ஏற்றது என்று அவருக்குப் பட்டது. 1843இல் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். ஆனால் அங்கே அதற்கு வேறொரு வேலை காத்திருந்தது.

கட்டா பெர்ச்சா என்ற பெயரோடு ஐரோப்பாவில் இறங்கிய அந்தப் பொருள், முதலில் செருப்பின் அடிப்பாகமானது, குழாயானது, கோல்ஃப் பந்தும் ஆனது. சிங்கப்பூரிலிருந்து ஸ்காட்லாந்துக்கு வந்த ஒரு விஷ்ணு சிலையைச் சுற்றிப் பொதிந்திருந்த பிசினை உருட்டித்தான் முதல் பந்து பிறந்தது என்று ஒரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, சுவையான கதை. அதே காலத்தில் தந்திப் பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். நிலத்தில் கம்பத்துக்குக் கம்பம் ஓடிய தந்தி, கடலில் இறங்கியதும் செத்துப்போனது. உப்புநீரில் நிலைத்து நிற்கும் உறை எதுவும் கிடைக்கவில்லை. கட்டா பெர்ச்சா மின்சாரத்தைக் கடத்தாது என்று 1848இல் மைக்கேல் ஃபாரடே எடுத்துச் சொன்னதும் கதை திசை மாறியது.

1850 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே, கட்டா பெர்ச்சா பூசிய செம்புக் கம்பி கடலில் இறங்கியது. ஒரே நாளில் அது ஊமையானது. மீனவர் ஒருவர் வலையில் சிக்கிய கம்பியை ஏதோ விசித்திரக் கடல் தாவரம் என்று அறுத்துவிட்டார் என்றார்கள். அடுத்த ஆண்டு மேலே இரும்புக் கவசம் சுற்றி இறக்கினார்கள், தந்தி பேசியது. 1858இல் அட்லாண்டிக்கைத் தாண்டிய கம்பி, அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கொடுத்ததில் சில வாரங்களிலேயே மடிந்தது. 1866இல்தான் நிலையான வெற்றி கிடைத்தது. அதன் பிறகு நாடுகள் எல்லாம் கம்பி கேட்டன. அத்தனை பிசினுக்கு எங்கே போவது?

போர்னியோவுக்குப் போனார்கள். இந்த மரம் ரப்பரைப் போல கீறிய இடத்தில் சொட்டிக்கொண்டே இருக்காது; பால் சீக்கிரமே உறைந்துவிடும். அதனால் அங்குள்ள பழங்குடிகளான தயாக் மக்கள் மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். விழுந்த அடிமரத்தில் இடம்விட்டு இடம்விட்டுப் பட்டையை வளையமாகக் கொத்தினார்கள். கசிந்ததை இலையிலும் சிரட்டையிலும் பிடித்து, கொதிக்கவைத்து, பிசைந்து கட்டியாக்கினார்கள். பனை உயர மரம் ஒன்றை வீழ்த்தினால் தேறியது சில நூறு கிராம்தான்.

தயாக்குகளில் ஒரு பிரிவினரான ஈபான்களிடம் 'பெஜாலாய்' என்றொரு வழக்கம் உண்டு. இளைஞர்கள், பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் நீள்வீட்டை விட்டுக் கிளம்பி, மாதக்கணக்கில் அலைந்து, பொருளும் பெயரும் ஈட்டித் திரும்புவார்கள். பிசின் தேடும் வேலை அதில் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. கட்டிகள் படகேறி ஆற்றோரக் கடைவீதிக்கு வந்தன. தவுக்கே எனப்படும் சீன வணிகர் கட்டியைப் பிளந்து, உள்ளே கல்லோ பட்டையோ மறைந்திருக்கிறதா என்று பார்த்து விலை சொன்னார். பல இடங்களில் இருவருக்கும் நடுவே மலாய்த் தரகர்கள் நின்றார்கள். உப்பு, துணி, வெண்கலச் சேகண்டி எல்லாம் கைமாறின. எல்லாவற்றையும்விட உயர்ந்தவை சீனாவில் சுட்ட மெருகுப் பெருஞ்சாடிகள். அவற்றின் பெயர் தாஜாவ். நீள்வீட்டில் அவை தலைமுறைச் சொத்து. குற்றத்துக்குத் தண்டமாகவும் செல்லுபடியானவை. ஒரு சாடிக்காக இங்கே மரம் விழ, அட்லாண்டிக்கின் அடியில் தந்தி ஓடியது. பொறியாளர்களின் பெயர்களைப் பொறித்துவைத்த வரலாறு, அந்த மரம் வெட்டிகளின் பெயர்களை எழுதிவைக்கவில்லை. இது பெரிய அநீதி.

1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி போய்ச் சேர்ந்தது. பிசின் கம்பியாகிப் பிறந்த மண்ணுக்கே திரும்பியிருந்தது; ஆனால் சிங்கப்பூர்த் தீவில் அந்த மரங்கள் அதற்குள் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டிருந்தன. காடு காடாக அழிவு தொடர்ந்தது. 1885இல் டச்சுக்காரர்கள் ஜாவாவின் சிபெதிரில் தோட்டம் போட்டு வளர்க்கத் தொடங்கினார்கள். 1930களில் பாலிஎதிலீன் பிறந்தது. கடலடிக் கம்பியும் மெல்ல அதற்கு மாறியது. கட்டா பெர்ச்சாவின் கதை முடிந்தது என்றே தோன்றியது.

முடியவில்லை. கடலில் அது புகழ்பெற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், அமெரிக்கப் பல் மருத்துவர்கள் சத்தமில்லாமல் அதைக் கையிலெடுத்திருந்தார்கள். 1847இல் ஆசா ஹில், சொத்தைப் பல்லை அடைக்க அதில் ஒரு கலவை செய்தார். 1867இல் பௌமன் என்பவர் அதைப் பல்லின் வேர்க்குழிக்குள்ளேயே நிரப்பினார். உடம்பு அதை எதிர்க்கவில்லை. சூட்டில் இளகி இடுக்கை அடைத்தது. தேவைப்பட்டால் மறுபடி இளக்கி எடுக்கவும் முடிந்தது.

ரூட் கெனால் சிகிச்சையில் பல்லின் வேருக்குள் செருகப்படும் இளஞ்சிவப்பு மெல்லிய குச்சி அதுதான். அதில் பெரும்பகுதி துத்தநாக ஆக்ஸைடு. சுமார் ஐந்தில் ஒரு பங்கு கட்டா பெர்ச்சா. 150 ஆண்டுகள் கடந்தும் வேர்க்குழியை நிரப்ப உலகெங்கும் அதிகம் பயன்படுவது இதுவே.