பி.ஒய் 02: நம்பர் பிளேட்ல ஊருக்கு எவ்வளவு இடம்?

சனிக்கிழமை காலையில திருநள்ளாறு பக்கம் போனீங்கன்னா, தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலைச் சுத்தி வண்டிகள் நிற்கிற இடங்கள்ல நம்பர் பிளேட்டுகளை மட்டும் ஒரு ரவுண்டு பாருங்க. தென்னிந்தியாவே வரிசையில் நிற்கும். டி.என், கே.ஏ, ஏ.பி, கே.எல்... தெலங்கானாக்காரங்க வண்டியில மட்டும் மூணு விதம் பார்க்கலாம். மாநிலம் பிரியறதுக்கு முன்னாடி வாங்கினது ஏ.பி, பிரிஞ்ச பிறகு டி.எஸ், 2024 மார்ச்சுக்கு அப்புறம் வாங்கினது டி.ஜி. ஒரு மாநிலத்தின் பத்து வருட அரசியல், மூணு கார்ல நிற்கும்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவுல, பூக்கடை ஓரமா ஸ்டாண்டு போட்டு நிற்கிற உள்ளூர் ஸ்கூட்டர்கள்ல இருக்கிறது பி.ஒய் 02. காரைக்கால்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது வெறும் எண். இங்கே அப்படி இல்லை. காரைக்கால் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். கிழக்கே கடல், மற்ற எல்லாப் பக்கமும் தமிழ்நாடு. தலைநகர் புதுச்சேரியோ 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கு. வடக்கே நண்டலாறு தாண்டினா மயிலாடுதுறையின் டி.என் 82, தெற்கே வாஞ்சூர் தாண்டினா நாகப்பட்டினத்தின் டி.என் 51. ஒரே பேச்சு, ஒரே சாப்பாடு, ஒரே காவிரித் தண்ணி, இரண்டு பக்கமும் கொள்வினை கொடுப்பினை. நீங்க எந்த அரசாங்கத்து ஆள் என்பதை ரோட்டுல காட்டிக்கொடுக்கிற ஒரே விஷயம் வண்டியின் முதல் இரண்டு எழுத்துதான்.

காட்டிக்கொடுக்கிறதுன்னு சும்மா சொல்லலை. சரக்கு கடத்தல் சோதனை நடக்கிற எல்லையில பி.ஒய் வண்டின்னா கொஞ்சம் கூடுதலாவே உற்றுப் பார்ப்பாங்க. போதாக்குறைக்கு 2017-ல் கேரளாவில் ஒரு சர்ச்சை வெடிச்சது. அங்கே விலையுயர்ந்த கார்களுக்கு 20 சதவீதம் வரை சாலை வரி. புதுச்சேரியில ரொம்பக் குறைவு. அதனால் சினிமா பிரபலங்கள் உட்படப் பலர் புதுச்சேரி முகவரி காட்டி பி.ஒய் எண் வாங்கினாங்கன்னு புகார், விசாரணை, வழக்கு. சட்டப்படி, வண்டியை எங்கே வைத்து ஓட்டுறோமோ அந்த மாநிலத்து அலுவலகத்துலதான் பதிவு செய்யணும். வேற மாநிலத்துக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கினா அங்கே மறுபதிவு செய்யணும். கோடி ரூபாய் காருக்காக எழுந்த சந்தேகத்தை, காரைக்கால்ல பிறந்து வளர்ந்தவர் தன்னோட பழைய டி.வி.எஸ் வண்டியிலயும் சேர்த்துச் சுமக்கிறார்.

இன்னொரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? 2006-ல் பாண்டிச்சேரி புதுச்சேரின்னு பெயர் மாறினப்போ எழுத்தை மாத்த வேண்டிய அவசியமே வரலை. இரண்டு பெயரையும் ஆங்கிலத்துல எழுதினா, முதல்ல 'பி', கடைசியில 'ஒய்'. ஒரிசா ஒடிசாவானதும் ஓ.ஆர், ஓ.டி ஆச்சு. உத்தராஞ்சல் உத்தராகண்ட் ஆனதும் யு.ஏ, யு.கே ஆச்சு. நமக்கு அந்தச் செலவு மிச்சம். பி.ஒய்-க்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. 01 புதுச்சேரி, 02 காரைக்கால், 03 மாஹே, 04 ஏனாம். 03-ன்னு பார்த்தா மலையாளம் பேசுற ஊரு, 04-ன்னு பார்த்தா தெலுங்கு பேசுற ஊரு. எண்ணை வைத்தே தாய்மொழியை யூகிக்கலாம்!

எழுதலாம், ஆனா இதை மட்டும்தான்!

இந்திய நம்பர் பிளேட்டில் டிசைன் என்று தனியாக எதுவும் கிடையாது. மாநிலத்துக்கு ஒரு படம், ஒரு வாசகம், ஒரு நிறம் என்ற பேச்சே இல்லை. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 50, 51-ம் விதிகள் எல்லாத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் முடிவு பண்ணி வெச்சிருக்கு. கார்ல எழுத்து உயரம் 65 மி.மீ. தடிமன் 10, இடைவெளி 10. எழுத்து ஆங்கிலத்துல, எண் 1, 2, 3 என்ற வடிவத்துல. ஆசை ஆசையா 'த.நா' என்றோ தமிழ் எண்களிலோ எழுதி ஓட்டுறவங்களை டெல்டாவுல நிறைய பார்க்கலாம். மொழிப்பற்று புரியுது, ஆனா விதிப்படி அது செல்லாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ம் பிரிவுப்படி முதல் தடவை 500 ரூபாய், மறுபடியும் மாட்டினா 1,500 ரூபாய் வரை அபராதம்.

நிறம் ஊரைச் சொல்லாது, வண்டியின் வேலையைச் சொல்லும். வெள்ளையில் கறுப்பு எழுத்துன்னா சொந்த வண்டி, மஞ்சளில் கறுப்புன்னா வாடகை வண்டி, கறுப்பில் மஞ்சள்னா நாமே ஓட்டிக்கிற வாடகைக் கார். மின்சார வண்டின்னா பச்சை. அதுலயும் சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்து.

2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகள் எல்லாத்துக்கும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அலுமினியத் தகடு, இடது மேல் மூலையில 20 மி.மீ சதுரத்துல அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசரில் பொறித்த 10 இலக்க எண், ஒரு தடவை பூட்டினா உடைச்சாதான் கழட்ட முடியும் என்ற மாதிரி பூட்டு. எழுத்துகள் மேலே 45 டிகிரி சாய்வா 'இந்தியா' என்று ஆங்கிலத்துல ஓடும். அழகா இருக்கான்னு கேட்டா, என் கருத்து: முன்னாடி ஸ்டிக்கர் கடையில ஆளுக்கு ஒரு எழுத்துருவுல வெட்டி ஒட்டினதைவிட நூறு மடங்கு தேவலை. 8 எது, 3 எதுன்னு கண்ணைச் சுருக்க வேண்டாம். விபத்து பண்ணிட்டு ஓடுற வண்டியோட எண்ணைப் பார்க்க நமக்குக் கிடைக்கிறது இரண்டு நொடி. ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் குழப்பம் வரும்னுதான் வரிசை எழுத்துகள்ல ஆங்கில 'ஐ', 'ஓ' இரண்டையுமே விட்டுடறாங்க.

ஆனா அந்தத் தகட்டில் நாட்டின் பெயர் எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பாருங்க. ஊருக்குக் கிடைச்சது இரண்டு எழுத்து, இரண்டு எண். 2021-ல் வந்த பி.ஹெச் வரிசையில் அதுவும் போச்சு. அடிக்கடி பணியிட மாற்றம் வாங்குற மத்திய அரசு ஊழியர், ராணுவத்தினர் போன்றவங்களுக்கு அது பெரிய வசதி, மறுப்பதற்கில்லை. ஆனா மாநிலம், மாவட்டம் எதுவுமே அதுல இல்லை.

சனீஸ்வரனும் எட்டாம் நம்பரும்

திருநள்ளாறு பத்தி எழுதிட்டு எட்டைப் பத்திப் பேசலைன்னா எப்படி? எண் கணிதத்தில் 8 சனிக்கு உரிய எண். அதனால கூட்டுத்தொகை 8 வந்தா 'வேணாம்ப்பா' என்று பதறுவாங்க நம்ம ஆளுங்க. 9-க்கும் 1-க்கும் அடிதடி. ஃபேன்ஸி எண்களை ஏலம் விட்டே போக்குவரத்துத் துறை வருமானம் பார்க்குது. இதுல வேடிக்கை என்னன்னா, சனி பகவானையே கும்பிட வர்ற கார்களோட ஓனர்களும், நம்பர் எடுக்கறப்போ அவரோட எண்ணைத் தள்ளி வெச்சவங்களாதான் பெரும்பாலும் இருப்பாங்க!

அதைவிட முக்கியமான சங்கதி சந்தனம், குங்குமம். வண்டிக்குப் பூஜை போட்டா நம்பர் பிளேட்டுக்கும் ஒரு பொட்டு வைக்கிறது வழக்கம். அது எண் மேல விழுந்து காய்ஞ்சுட்டா 3, 8 ஆகலாம், கேமராவுக்கு எதுவுமே தெரியாமலும் போகலாம். பொட்டை பானட்டுக்கு வெச்சுக்கோங்க. சாமி கோவிச்சுக்காது.

ஒரு எழுத்துக்காக எரிந்த தீவு

நம்பர் பிளேட்டில் எந்த எழுத்து என்பது சின்ன விஷயம்னு நினைக்கிறவங்க இலங்கையைப் பார்க்கணும். 1957-ல் வண்டிப் பதிவெண்களில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைக் கொண்டுவந்தாங்க. தமிழர்களோட எதிர்ப்பு பெரிதாச்சு. 1958 மார்ச்சில் அந்த எழுத்தோடு அரசுப் பேருந்துகள் வடக்கே வந்தப்போ அதன்மேல் தார் பூசினாங்க. பதிலுக்குத் தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மேல் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டாரநாயக்க, செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் தமிழர்களுக்கு எதிரான பெரும் கலவரம். காரணம் அந்த ஒரு எழுத்து மட்டுமில்லை. ஆனா தீக்குச்சியா இருந்தது அதுவும்தான். பின்னாளில் அங்கேயும் ஆங்கில எழுத்துக்கே மாறினாங்க.

இதைப் படிச்சா, டெல்லி எல்லாத்தையும் ஆங்கிலத்துல, ஒரே அச்சுல வெச்சதுக்கு ஒரு நியாயம் இருக்குன்னு தோணும். யாரோட மொழியும் யார் மேலயும் ஏறாது.

ஆனா நடுவழி ஒண்ணு இருக்கு. காரைக்கால்காரங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்? பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. அந்நாட்டுக் குடியுரிமையோட இன்னைக்கும் அங்கே போய்வர்ற குடும்பங்கள் பல. பிரான்ஸில் 2009-ல் பதிவெண் முறையை மாத்தினாங்க. பழைய எண்ணின் கடைசியில் மாவட்ட எண் இருக்கும். புது எண்ணில் அது இல்லைன்னதும் நாடாளுமன்ற உறுப்பினர்களே கூட்டணி சேர்ந்து எதிர்த்தாங்க. கடைசியில பிளேட்டோட வலது ஓரத்துல ஒரு நீலப்பட்டை ஒதுக்கி, மாவட்ட எண்ணும் மேலே அந்தப் பிராந்தியத்தின் சின்னமும் கட்டாயம்னு ஆச்சு. அழகு என்னன்னா, நீங்க குடியிருக்கிற மாவட்டத்தைத்தான் போடணும்னு இல்லை. பாரிஸில் இருந்துக்கிட்டே கோர்சிகாவின் சின்னத்தை ஒட்டிக்கலாம். பதிவெண் அரசாங்கத்துக்கு, ஓரப்பட்டை சொந்த ஊருக்கு. அமெரிக்காவில் இது இன்னும் பழசு. ஐடஹோ மாநிலம் 1928-லேயே நம்பர் பிளேட்டில் உருளைக்கிழங்குப் படம் போட்டுச்சு!

நமக்கு உருளைக்கிழங்கெல்லாம் வேண்டாம். எண்ணும் எழுத்தும் இப்ப இருக்கிற மாதிரியே, அதே 65 மி.மீ-ல இருக்கட்டும். கார் பிளேட் 500 மி.மீ நீளம். அதோட ஓரத்துல விரல் அகலத்துக்கு ஒரு பட்டை ஒதுக்கி, மாவட்டப் பெயரை அந்தந்த ஊர் மொழியில சின்னதா அச்சடிச்சுத் தரலாம். கேமரா அதைப் படிக்க வேண்டாம், போலீஸும் படிக்க வேண்டாம். காரைக்கால்னு தமிழ்லயும், மாஹேன்னு மலையாளத்துலயும், ஏனாம்னு தெலுங்குலயும் வரட்டும். இரு சக்கர வண்டியின் முன்பக்கத் தகட்டுல இதுக்கு இடம் பத்தாது, பின்பக்கம் மட்டும் போதும்.