செயற்கை ஒளியில் தாவர வளர்ச்சி: ஒரு வரலாறு

தாவரங்கள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கின்றன என்பது பள்ளிப் பாடம். சூரியனுக்குப் பதிலாக விளக்கு போதுமா என்ற கேள்வியை 19ஆம் நூற்றாண்டிலேயே ஆய்வாளர்கள் எழுப்பினர். 1861இல் பிரான்சைச் சேர்ந்த ஏர்வே மாங்கன், மின்வில் விளக்கின் ஒளியிலும் இலைகளில் பச்சையம் உண்டாவதைக் காட்டினார். 1868இல் உருசியத் தாவரவியலாளர் ஆந்திரேய் ஃபாமின்ட்சின் மண்ணெண்ணெய் விளக்கொளியில் பாசிகளை ஆராய்ந்தார்.

சீமென்சும் பெய்லியும்

1880இல் பொறியாளர் வில்லியம் சீமென்ஸ், இங்கிலாந்தில் தம் தோட்டத்தில் செய்த சோதனைகளை இலண்டன் ராயல் சங்கத்தில் விளக்கினார். இரவில் மின்வில் ஒளி பெற்ற கடுகு, கேரட், வெள்ளரி முதலியவை நன்கு வளர்ந்தன. தாவரங்களுக்கு இரவு ஓய்வு தேவையில்லை என்று அவர் கருதினார். மூடப்படாத விளக்கு இலைகளைக் கருக்கியது. இடையில் கண்ணாடி வைத்தபோது அந்தத் தீங்கு குறைந்தது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லிபர்ட்டி ஹைடு பெய்லி செய்த ஆய்வு 1891இல் வெளியானது. விளக்கொளியில் லெட்யூஸ் கீரை விரைவாக விற்பனைக்குத் தயாரானது. ஆனால் ஸ்பினாச் கீரை, உண்ணத்தக்க இலைகள் பெருகும் முன்பே பூத்து விதைக்குப் போனது. ஒரே ஒளி ஒரு பயிருக்கு நன்மையும் மற்றொன்றுக்கு இழப்பும் தந்தது.

ஒளியும் காலக்கணக்கும்

இந்தப் புதிருக்கு விடை 1920இல் கிடைத்தது. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அலார்டு ஆகியோர், கோடையில் பூக்காத 'மேரிலாந்து மம்மத்' புகையிலைச் செடிகளை மாலையிலேயே இருட்டறைக்குள் வைத்தனர். பகல் குறைந்ததும் அவை பூத்தன. தாவரம் ஒளியை உணவுக்காக மட்டுமன்றி, பருவத்தை அறியவும் பயன்படுத்துகிறது என்பது இதனால் தெளிவானது. இப்பண்பு ஒளிக்காலத்துவம் எனப்பட்டது. ஸ்பினாச் நீண்ட பகலில் பூக்கும் தாவரம். பெய்லியின் விளக்கு அதற்குக் கோடை வந்துவிட்டதாகக் காட்டியது. சிவப்பு, தூரச்சிவப்பு ஒளிகளை வேறுபடுத்தி அறியும் பைட்டோகுரோம் என்ற நிறமியை 1959இல் பெல்ட்ஸ்வில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

எல்.இ.டி. காலம்

1938இல் விற்பனைக்கு வந்த ஒளிர்குழல் விளக்குகள் குறைந்த வெப்பம் தந்ததால், அவற்றைச் செடிகளுக்கு அருகில் வைக்க முடிந்தது. 1990 வாக்கில் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிவப்பு எல்.இ.டி. விளக்குகளுடன் நீல ஒளி தரும் ஒளிர்குழல்களையும் சேர்த்து லெட்யூஸ் வளர்த்தனர். 1993இல் பிரகாசமான நீல எல்.இ.டி. வந்தபின் ஒளிர்குழலின் தேவை குறைந்தது. 2015 ஆகஸ்டில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் எல்.இ.டி. ஒளியில் வளர்ந்த சிவப்பு லெட்யூசை விண்வெளி வீரர்கள் உண்டனர்.

எனினும், சூரியன் இலவசமாகத் தரும் ஒளியை மின்சாரத்தால் ஈடுசெய்யச் செலவு மிகுதி. எனவே விளக்கொளியை மட்டும் நம்பிய சாகுபடி பெரும்பாலும் கீரைகளோடும் நாற்றுகளோடும் நிற்கிறது. நெல்லும் கோதுமையும் இன்றும் சூரியனையே நம்பியுள்ளன.