குறிபார்க்கும் கலையும் சர்க்கார் விதிகளும்

ஜலகண்டாபுரம் போன்ற சேலம் ஜில்லாவின் நெசவூர்களில் பிறந்து வளரும் ஒரு பிள்ளை ரைபிளை முதன்முதலாகக் கையில் வாங்குவது, பெரும்பாலும் 1948-இல் தொடங்கப்பெற்ற தேசிய மாணவர் படையின் முகாமில்தான். தரையில் குப்புறப் படுத்து, கட்டையைத் தோளில் அழுத்தி, மூச்சை அடக்கி, 25 கஜத்துக்கு அப்பாலுள்ள காகித இலக்கில் .22 ரைபிளால் ஐந்து தோட்டாக்களைச் சுட்டு முடித்ததும், அந்த ஐந்து துளைகளும் எத்தனை நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று ஹவில்தார் அளந்து பார்ப்பார். 'குரூப்பிங்' என்று அதற்குப் பெயர். தறிக்காரர் மகனுக்கும் மில் முதலாளி மகனுக்கும் அங்கே ஒரே ரைபிள். ஒருவன் எழுந்ததும் மற்றவன் அதையே வாங்கிப் படுக்கிறான். ஆகையால் அங்கே தீர்ப்புச் சொல்வன கண்ணும் கையும் மாத்திரமே. முகாம் கலைந்த பிறகு அந்தக் கலையைச் சொந்த முயற்சியால் தொடர விரும்புகிறவனுக்குத்தான், எந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம், எதை வாங்கலாம், எதைக்கொண்டு பந்தயத்தில் இறங்கலாம் என்னும் விதிகளின் வேலி எதிர்ப்படுகிறது.

அந்த வேலியின் முதற்கால் நடப்பட்டது 1878-இல். லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது பிறந்த ஆயுதச் சட்டம், இந்தியப் பிரஜைகள் லைசென்ஸ் இன்றி ஆயுதம் வைத்திருக்கலாகாது என்று விதித்து, ஐரோப்பியருக்கு மட்டும் விலக்கு அளித்தது. காங்கிரஸ் மகாசபை, 1887-இல் பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் சென்னையில் கூடியபோதே, இந்தச் சட்டத்தைத் திருத்தவேண்டும் என்று தீர்மானம் செய்தது. அகிம்சையையே விரதமாகக் கொண்ட காந்தியடிகளும் ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய அச்சட்டத்தை மிகக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். துப்பாக்கி விளையாட்டு நம் நாட்டில் ஏன் நெடுங்காலம் அரண்மனைகளின் மதிலுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது என்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

அச்சம் ஆட்சி செய்த அக்காலத்தில் துப்பாக்கியின் குழல் விட்டங்கூட ராஜாங்க விஷயமாயிற்று. ராணுவத் தோட்டாக்கள் கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய சர்க்கார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அங்குல விட்டமுள்ள ரைபிள்கள் இந்தியாவுக்கு இறக்குமதியாவதைத் தடுத்தது. அந்தத் தடையைத் தாண்டும் பொருட்டே லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் .465, .470 என்னும் புதுப்புது விட்டங்களைச் சிருஷ்டித்தார்கள். அவ்வாறே படையினரின் .303 தனி மனிதருக்கு விலக்கப்பட்டதால், ஏறக்குறைய அதே அமைப்புள்ள ரைபிள் .315 விட்டத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையிலிருந்து வெளிவரலாயிற்று. அளவு மாறியதால் குறி பார்ப்பவனுக்கு ஒரு நன்மையும் இல்லை.

விதிகள் யாவுமே தீயவை என்று நான் சொல்ல வரவில்லை. 1860-இல் விம்பிள்டன் மைதானத்தில் பிரிட்டிஷ் ரைபிள் சங்கத்தின் முதற் பந்தயம் நடந்தபோது, ராணியார் பரிசுக்கான முதற்சுற்றில் எல்லாரும் என்ஃபீல்டு ரைபிளையும், இறுதிச்சுற்றில் எல்லாரும் விட்வொர்த் ரைபிளையும் பயன்படுத்தினார்கள். கருவி ஒன்றாயிருந்தால் திறமை ஒன்றே மிஞ்சும் என்னும் நியாயம் அது. மாணவர் படை முகாமில் நாம் கண்டதும் அதுவே.

சுதந்திரம் வந்தபின் 1951-இல் இந்திய தேசிய ரைபிள் சங்கம் ஏற்பட்டது. பின்னர் முதல் மக்களவையின் சபாநாயகரான ஜி. வி. மவளங்கர் அதன் முதல் தலைவர். 1959-இல் புதிய ஆயுதச் சட்டமும் 1962-இல் அதன் விதிகளும் பிறந்தன. ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பலகையைத் துளைத்துச் செல்லாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்னும் ஏற்பாடு, எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு வாசலைத் திறந்தது. ஆனால் உலகப் பந்தயத்தில் பத்து மீட்டர் தூரத்திலுள்ள இலக்கின் நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. அதைத் தவறாது தொட வல்ல ஜெர்மானிய ரைபிள்களின் விலை லட்சக் கணக்கில் போகிறது. தீர்வை இல்லாமல் அவற்றை இறக்குமதி செய்யும் சலுகை, புகழ்பெற்ற வீரர் என்று சங்கம் சான்றளித்தவர்களுக்கே உண்டு. நல்ல ரைபிள் இல்லாமல் புகழ் பெறுவது கடினம். புகழ் பெறாமல் நல்ல ரைபிளைச் சகாய விலைக்குப் பெறுவது அதனினும் கடினம். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை இந்த இரண்டுக்கும் நடுவே நின்றுவிடுகிறான்.

இதற்கு மாற்றாக, விலைக்கே ஓர் உச்சவரம்பு கட்டிவிடலாமே என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் பள்ளிச் சிறார்க்கு நடத்தும் ஏர் ரைபிள் பந்தயங்களில், எடைக்கும் விசையின் இழுப்புக்கும் அளவு வைத்ததோடு, ரைபிளின் விலைக்கும் வரம்பு வைத்து, 'ஸ்போர்ட்டர்' என்று ஒரு தனி வகுப்பையே அமைத்திருக்கிறார்கள். நோக்கம் உயர்ந்ததுதான். எனினும் கடைவிலை ஏறுந்தோறும் வரம்பும் ஏறவேண்டியிருக்கிறது. மேலும், எடையைத் தராசிலும் இழுப்பை நிறைகல்லிலும் எவரும் சோதித்து அறியலாம், விலையையோ ரைபிளைப் பார்த்து அறிய இயலாது. அளக்கக்கூடியதை அளப்பதே விதிக்கு அழகு.

ஐந்து முறை ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட பிகானிர் மன்னர் கர்ணி சிங்குக்கும், 2024-இல் பாரிஸுக்குச் சென்ற புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமானுக்கும் நாடு கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் கடலூரில் பிறந்து ஆமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், சென்னையில் பிறந்த ககன் நாரங் நிறுவிய பயிற்சிக் கழகத்தின் ஆதரவில் உலக அரங்குக்கு உயர்ந்த செய்தி, இன்னொரு பாடத்தைக் கற்பிக்கிறது: கருவியையும் பயிற்சியையும் ஒரு ஸ்தாபனம் பொதுவாகத் தாங்கினால், பிறப்பும் பணமும் தடையாக மாட்டா. ஆகவே சர்க்காரும் ரைபிள் சங்கங்களும் செய்யவேண்டியது ஒன்றுண்டு. ஒவ்வொரு ஜில்லாவிலும் ஒரு பொதுக் களம் அமைத்து, நல்ல ரைபிள்களை அங்கே வைத்து, மாணவர் படையில் கூர்மையான குரூப்பிங் காட்டிய பிள்ளைகளை அழைத்து அவற்றைக் கொடுக்கட்டும். தொடக்கநிலைப் பந்தயங்களை அந்த ரைபிள்களைக்கொண்டே நடத்தட்டும். விலைக்கு வரம்பு கட்டுவதைவிட வாய்ப்புக்கு வரம்பு நீக்குவதே நியாயமான விதி.