கழகம் கற்பித்த கலையும் கழகம் அடைத்த கதவும்

‘அமெச்சூர்’ என்ற சொல்லை இன்று அரைகுறைப் பயிற்சி உடையவரைக் குறிக்கப் பயன்படுத்துகிறோம். இலத்தீனில் ‘நேசிப்பவர்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது அது. 19ஆம் நூற்றாண்டு இந்தியாவின் ஒளிப்படக் கழகங்களில் இச்சொல் அந்தப் பழைய பொருளுக்கு நெருக்கமாகவே வழங்கியது. பிழைப்புக்காக அன்றி விருப்பத்தால் படமெடுத்தவரே அமெச்சூர். மருத்துவர், படை அதிகாரி, அரசு அலுவலர், வணிகர் எனப் பலரும் அவ்வாறு அழைக்கப்பட்டனர்.

இலண்டனில் ஒளிப்படக் கழகம் தோன்றியது 1853இல். மறு ஆண்டே பம்பாயில் ஒன்று தொடங்கியது. 1856இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் கழகங்கள் உருவாயின. இந்த வேகத்திற்குப் புதுமை மோகம் மட்டுமே காரணமன்று. தனியொருவரால் இக்கலையை எளிதில் கற்க இயலாத நிலையும் ஒரு காரணம்.

1851இல் அறிமுகமான ஈரத்தட்டு முறையில், கண்ணாடித் தட்டின் மீது கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். கொலோடியனில் உள்ள ஈதர் இந்நாட்டு வெயிலில் விரைந்து ஆவியாகிவிடும். ஐரோப்பிய நூல்கள் சொன்ன அளவுகள் இங்கே அப்படியே பலிக்கவில்லை. ஆகவே, முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைக்கக்கூடிய மெழுகுத்தாள் முறையைப் பயணம் செய்வோர் பலர் விரும்பினர். எந்தக் கரைசல் எவ்வளவு, எந்தப் பருவத்தில் எவ்வளவு நேரம் என்பனவற்றை இந்த மண்ணிலேயே சோதித்துக் கண்டறிய வேண்டியிருந்தது. அதற்கான இடமாகக் கழகக் கூட்டங்கள் அமைந்தன. உறுப்பினர்கள் படங்களைக் காட்டினர். செய்முறைக் கட்டுரைகளை வாசித்தனர். பம்பாய்க் கழகம் தனக்கென ஓர் இதழையும் நடத்தியது. ஒருவர் பட்ட பாடு மற்றவருக்குப் பாடமாயிற்று.

அந்தப் பயிற்சி கழகச் சுவர்களைக் கடந்தும் பரவியது. பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்விக்கூடத்தில் 1855இல் ஒளிப்பட வகுப்பு தொடங்கியது. அங்குப் பயின்ற ஹரிசந்த் சிந்தாமண் பின்னர்த் தாமே ஒளிப்பட நிலையம் நடத்தினார். ஜான்சன், ஹெண்டர்சன் இருவரும் பம்பாய்க் கழகத்தின் ஆதரவுடன் 1856 முதல் 1858 வரை ‘இந்திய அமெச்சூர் ஒளிப்படத் தொகுப்பை’ வெளியிட்டனர்.

ஆனால் கலையைப் பகிர்ந்த கழகம் சமத்துவத்தையும் பகிர்ந்ததா? கல்கத்தாவில் வங்காள ஒளிப்படக் கழகத்தின் பொருளாளராக இருந்தவர் அறிஞர் இராஜேந்திரலால் மித்ரா. ஊர்ப்புறங்களில் குற்றம் புரியும் ஐரோப்பியரையும் உள்ளூர்க் குற்றவியல் நீதிமன்றங்களே விசாரிக்க வேண்டுமா என்பது அன்றைய பெரும் வழக்கு. வேண்டும் என்ற தரப்பில் நின்ற மித்ரா, 1857 ஏப்ரலில் பொதுமேடையில் பேசியபோது அவுரித் தோட்ட முதலாளிகளைக் கடுமையாகச் சாடினார். படத்துக்கும் அப்பேச்சுக்கும் தொடர்பே இல்லை. ஆயினும் கழகம் அவரை நீக்கியது. இருட்டறையில் அருகருகே நிற்க முடிந்தவர்களால், நீதிமன்றத்தின் முன் சமமாக நிற்பதை ஏற்க முடியவில்லை.

மித்ராவின் அறிவுப்பணி அதனால் நின்றுவிடவில்லை. ஒரிசாவின் தொன்மைகள் குறித்து இரு பெருந்தொகுதிகள் எழுதினார். 1885இல் வங்காள ஆசியக் கழகத்தின் முதல் இந்தியத் தலைவரானார்.

1953இல் இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பு தோன்றி, பல ஊர்க் கழகங்களை ஒரே குடையின்கீழ் இணைத்தது. ஈரத்தட்டும் மெழுகுத்தாளும் மறைந்துவிட்டன. தன் படத்தைப் பிறர் முன் வைத்து, குறை கேட்டு, மீண்டும் முயலும் வழக்கம் நிலைத்திருக்கிறது. கைத்திறன் அவ்வாறுதான் வளர்கிறது. அந்த அவையில் யார் அமரலாம், அமர்ந்தவர் எதுவரை பேசலாம் என்ற கேள்வியும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது. கழகங்களின் வரலாற்றைப் படங்களை மட்டும் கொண்டு எழுதினால், அதில் பாதி விடுபட்டுப்போகும்.