சேமப்படை ஆள்சேர்ப்பு விளம்பரங்களின் உண்மைத்தன்மை

ராணுவச் சேமப்படைப் பணியைப் பகுதிநேர வேலையாக அறிவித்து ஆள் சேர்க்கும்போது, அப்பணியின் முழுக் கடப்பாட்டையும் விளம்பரம் சொல்கிறதா என்பது படைத்துறை நிர்வாகத்திலும் சட்டத்திலும் நெடுநாளாக எழுந்துவரும் கேள்வி. இதற்கு மிகுதியாக எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்கத் தேசியக் காவல்படையின் "மாதத்தில் ஒரு வார இறுதி, ஆண்டில் இரண்டு வாரம்" என்னும் முழக்கம். அம்முழக்கம் கூறிய நாள் கணக்கு சரியானது. அமைதிக் காலத்தில் ஒரு வீரர் வந்தாக வேண்டிய குறைந்த அளவு அதுவே. அந்தக் குறைந்த அளவையே பணியின் முழு அளவாகக் காட்டியதில்தான் ஏமாற்று தொடங்கியது.

குடிப்படை மரபு

தேசியக் காவல்படை தன் தொடக்க நாளாக 1636 டிசம்பர் 13-ஐக் கொண்டாடுகிறது. மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் பேரவை, தன் ஊர்களின் குடிப்படைகளை மூன்று ரெஜிமென்ட்டுகளாகத் திரட்ட ஆணையிட்ட நாள் அது. உழவர்களும் கைவினைஞர்களும் கடைக்காரர்களும் ஊர்த்திடலில் கூடிப் பயிற்சி செய்தனர். பணி கட்டாயமானது என்பதால் விளம்பரத்துக்கு இடமே இல்லை.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1792-ஆம் ஆண்டின் குடிப்படைச் சட்டம், 18 முதல் 45 வயது வரையுள்ள உடல்திறன் கொண்ட வெள்ளையின ஆண்கள் தத்தம் துப்பாக்கியுடன் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. குடிப்படையை நடுவண் அரசு எதற்காக அழைக்கலாம் என்பதை அரசமைப்பே வரையறுத்திருந்தது: சட்டத்தை நிறைவேற்ற, கலகத்தை அடக்க, படையெடுப்பை முறியடிக்க. 1795-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவரை ஓர் ஆண்டில் மூன்று மாதத்துக்கு மேல் பணியில் வைத்திருக்க முடியாது. இந்த எல்லைகளைக் குடிப்படையினர் நன்கு அறிந்திருந்தனர். 1812 அக்டோபரில் குவீன்ஸ்டன் மேட்டுப் போரின்போது நியூயார்க் குடிப்படையினர் பலர் நயாகரா ஆற்றைக் கடந்து கனடா மண்ணில் போரிட மறுத்துவிட்டனர். கடமையின் எல்லை ஏட்டிலும் மனத்திலும் ஒன்றாகவே இருந்த காலம் அது.

பயிற்சி நாள்கள் சட்டமானது

ஒஹையோவைச் சேர்ந்த சார்லஸ் டிக் கொண்டுவந்த 1903-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய குடிப்படையை இன்றைய தேசியக் காவல்படையாக மாற்றியது. நடுவண் அரசின் நிதியும் கருவிகளும் பெறும் பிரிவுகள் ஆண்டுக்கு 24 முறை பயிற்சிக்குக் கூட வேண்டும்; 5 நாள் முகாமில் இருக்க வேண்டும். நடுவண் அரசின் அழைப்பு ஒன்பது மாதத்தைத் தாண்டக் கூடாது. 1908-இல் வந்த திருத்தம் அந்தக் கால வரம்பை நீக்கியதோடு, நாட்டுக்கு வெளியேயும் அனுப்பலாம் என்றது. 1912-இல் தலைமைச் சட்ட அதிகாரி ஜார்ஜ் விக்கர்ஷாம், குடிப்படையை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசமைப்பு இடம்தராது என்று கருத்துரைத்தார்.

அந்தத் தடையைச் சுற்றிச் செல்ல வழிவகுத்தது 1916-ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம். காவல்படையினர் மாநிலத்துக்கும் நடுவண் அரசுக்கும் சேர்த்தே உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றும், தேவைப்படும்போது குடியரசுத் தலைவர் அவர்களை நடுவண் படைக்குள் ஈர்த்துக்கொள்ளலாம் என்றும் அது விதித்தது. அதே சட்டம்தான் ஆண்டுப் பயிற்சியை 48 கூட்டங்களாகவும் 15 நாள் முகாமாகவும் உயர்த்தி, கூட்டங்களுக்கு ஊதியமும் வழங்கியது. பகுதிநேர வேலை என்ற தோற்றமும் கடல்கடந்த போர்க்கடமையும் ஒரே சட்டத்தில் பிறந்தவை. பின்னாளைய விளம்பரங்கள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டன.

முழக்கத்தின் கணக்கு

தொடக்கத்தில் பயிற்சிக் கூட்டங்கள் வார நாள் மாலைகளில் ஆயுதக்கூடங்களில் நடந்தன. பின்னர் அவை வார இறுதிக்கு மாற்றப்பட்டன. நான்கு மணி நேரம் கொண்டது ஒரு கூட்டம். சனி, ஞாயிறு இரு நாளில் நான்கு கூட்டங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு 48. பதினைந்து நாள் முகாமைச் சேர்த்தால் முழக்கம் முழுமை பெறுகிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் மாத அடிப்படை ஊதியத்தில் முப்பதில் ஒரு பங்கு கிடைப்பதால், இரண்டு நாள் வேலைக்கு நான்கு நாள் சம்பளம் கைக்கு வரும். 1980-களின் நடுப்பகுதியில் மான்ட்கோமரி கல்வி உதவித் திட்டம் சேமப்படையினருக்கும் வழங்கப்பட்ட பின், கல்லூரிக் கட்டணத்துக்குத் தவிக்கும் இளைஞர்களை இந்தக் கணக்கு எளிதில் ஈர்த்தது.

சொன்ன சொல்லும் நீட்டித்த பணியும்

1940 செப்டம்பரில் காவல்படைப் பிரிவுகள் 12 மாதப் பயிற்சிக்கென நடுவண் பணிக்கு அழைக்கப்பட்டன. ஓராண்டு முடியும் தறுவாயில் அப்பணியை மேலும் 18 மாதம் நீட்டிக்கும் மசோதா வந்தது. 1941 ஆகஸ்ட் 12-இல் பிரதிநிதிகள் அவை அதை 203-க்கு 202 என ஒரே வாக்கு வேறுபாட்டில் நிறைவேற்றியது. அக்டோபரில் ஓடிவிடுவோம் என்பதன் சுருக்க எழுத்துகளை வீரர்கள் முகாம் சுவர்களில் எழுதிவைத்தனர்.

1961-இல் பெர்லின் நெருக்கடியின்போது ஏறத்தாழ 1,48,000 சேமப்படையினர் அழைக்கப்பட்டனர். போர் இல்லாதபோது தங்களை ஏன் வீட்டிலிருந்தும் வேலையிலிருந்தும் பிரித்து வைத்திருக்கிறார்கள் என அவர்களில் பலர் முறையிட்டனர். 1962 மார்ச் செய்தியாளர் சந்திப்பில் இதுபற்றிய கேள்விக்கு, வாழ்வில் சமமின்மை எப்போதும் உண்டு என்று பொருள்படக் குடியரசுத் தலைவர் கென்னடி பதில் சொன்னார்.

வியட்நாம் போரில் குடியரசுத் தலைவர் ஜான்சன் சேமப்படையைப் பெரிதாக அழைக்கவில்லை. 1968-இல் ஒரு சிறு பகுதியே அழைக்கப்பட்டது. இதனால் காவல்படை என்றால் போருக்குப் போகாத இடம் என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியது. 1973-இல் கட்டாய ஆள்சேர்ப்பு முடிவுக்கு வந்தது. பாதுகாப்புச் செயலர் மெல்வின் லேர்ட் 1970-இல் முன்வைத்த 'முழுப்படை' கருத்தின்படி, இனி எந்தப் பெரிய போரும் சேமப்படை இல்லாமல் நடவாது என்னும் அமைப்பு உருவானது. சேமப்படையின் மீது போர்ச்சுமை கூடிய அதே காலத்தில், அப்பணி இலகுவானது என்னும் விளம்பரமும் பெருகியது. இந்த முரணைப் படைத்துறை அறியாதிருந்தது என்று கொள்ள வழியில்லை.

சேமப்படையின் வகைப்பாடு

அமெரிக்காவில் ஏழு சேமப்படைக் கூறுகள் உள்ளன: தரைப்படைத் தேசியக் காவல்படை, வான் தேசியக் காவல்படை, தரைப்படை, கடற்படை, மரைன், வான்படை, கடலோரக் காவல் ஆகியவற்றின் சேமப்படைகள். அவற்றிலுள்ளோர் ஆயத்தச் சேமம், காத்திருப்புச் சேமம், ஓய்வுபெற்றோர் சேமம் என மூவகைப்படுவர். ஆயத்தச் சேமத்தின் ஒரு பிரிவினரே மாதந்தோறும் பயிற்சிக்கு வருபவர்கள். மற்றொரு பிரிவு 'தனிநபர் ஆயத்தச் சேமம்'. அதில் உள்ளவருக்கு மாதப் பயிற்சியும் இல்லை, அதற்கான ஊதியமும் இல்லை. ஆனால் அழைத்தால் வந்தாக வேண்டும். முதன்முறை சேர்பவரின் மொத்தக் கடப்பாடு பொதுவாக எட்டு ஆண்டு. ஆறு ஆண்டுக்குக் கையெழுத்திட்டவர் எஞ்சிய இரண்டு ஆண்டை இந்தப் பிரிவில் கழிக்கிறார். 2004-இல் இப்பிரிவிலிருந்து 5,600-க்கு மேற்பட்டோரைத் தரைப்படை அழைக்கப்போவதாக அறிவித்தபோது, தம் படைவாழ்வு முடிந்துவிட்டதென நினைத்திருந்த பலர் அதிர்ந்தனர்.

அழைப்பு அதிகாரங்களும் படிநிலை கொண்டவை. நாடாளுமன்றம் போரோ நெருக்கடியோ அறிவித்தால், அது நீடிக்கும் காலமும் அதன்பின் ஆறு மாதமும் அழைக்கலாம். குடியரசுத் தலைவர் தேசிய நெருக்கடி அறிவித்தால், பத்து லட்சம் பேர் வரை, தொடர்ச்சியாக 24 மாதத்துக்கு மிகாமல் அழைக்கலாம். நெருக்கடி அறிவிப்பே இல்லாமல் குடியரசுத் தலைவர் அழைக்கும் அதிகாரம் 1976-இல் 50,000 பேர், 90 நாள் என்று தொடங்கி, இன்று 2,00,000 பேர், 365 நாள் வரை விரிந்துள்ளது. காவல்படையினரை வெள்ளம், புயல், கலவரம் ஆகியவற்றுக்கு மாநில ஆளுநரும் அழைக்கலாம். வெளிநாட்டுப் பயிற்சிக்கு ஆளுநர்கள் தடை சொல்லும் உரிமையை 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் குறைத்தது. 1990-இல் மினசோட்டா ஆளுநர் ரூடி பெர்பிச் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அத்திருத்தத்தை ஏற்றது.

2001-க்குப் பின்

2001 செப்டம்பர் 14-இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தேசிய நெருக்கடியை அறிவித்ததும் 24 மாத அதிகாரம் நடைமுறைக்கு வந்தது. ஈராக்குக்குச் சென்ற சேமப்படையினர் அங்கே 12 மாதம் இருந்தனர். முன்பயிற்சியும் சேர்த்தால் வீட்டைப் பிரிந்திருந்த காலம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. 2005-இல் ஒரு கட்டத்தில் ஈராக்கிலிருந்த அமெரிக்கப் படையினரில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர் சேமப்படையினர். விளம்பர முழக்கத்தை ராணுவ லாரியின் முகப்பில் எழுதி, அதன் பக்கத்தில் கசப்பான ஒரு சொல்லையும் சேர்த்து வீரர்கள் எடுத்த படம் உலகெங்கும் பரவியது. அந்த ஆண்டுகளில் காவல்படை அம்முழக்கத்தைக் கைவிட்டது. 2005-ஆம் நிதியாண்டில் தரைப்படைக் காவல்படை தன் ஆள்சேர்ப்பு இலக்கில் ஐந்தில் நான்கு பங்கையே எட்டியது.

2007 ஜனவரியில் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ், கட்டாய அழைப்பு ஒருமுறைக்கு ஓராண்டைத் தாண்டாது என்றும், ஓராண்டுப் பணிக்கு ஐந்தாண்டு வீட்டில் இருக்க வகைசெய்வதே இலக்கு என்றும் அறிவித்தார். சேமப்படைப் பணியின் உண்மை அளவை உயர் அலுவலர் ஒருவர் எண்களில் வெளிப்படையாகச் சொன்ன அரிய தருணம் இது.

ஒப்பந்தமும் நீதிமன்றமும்

சேர்பவர் கையெழுத்திடும் ஒப்பந்தப் படிவத்தில் உண்மை மறைக்கப்படவில்லை. போர்க்காலத்தில் பணி நீளும் என்பதும், ஒப்பந்த வாசகம் எதுவாயினும் சட்டமாற்றம் தம்மைக் கட்டுப்படுத்தும் என்பதும் அதில் அச்சிடப்பட்டுள்ளன. ஆயினும் பதினெட்டு வயது இளைஞர் சுவரொட்டியைப் பார்த்து முடிவெடுத்த பிறகே அந்தப் படிவம் அவர் கைக்கு வருகிறது. பெரிய எழுத்தில் சம்பளமும் சிறிய எழுத்தில் போரும் இருந்தால், பொறுப்பு விளம்பரம் செய்தவருடையதே.

நீதிமன்றங்கள் படிவத்தையே பார்த்தன. எட்டாண்டு ஒப்பந்தம் 2004-இல் முடியவிருந்த ஒரிகன் காவல்படை வீரர் ஒருவரின் பணியை, பணி முடிப்பு நிறுத்த ஆணையின் கீழ் ராணுவம் நீட்டித்தது. பதிவேட்டில் அவருடைய புதிய முடிவு நாள் 2031 எனக் குறிக்கப்பட்டது. 2005-இல் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முன்னாள் வீரர்கள் ஓராண்டு சேர்ந்து பார்க்கலாம் என்று அழைத்த திட்டத்தில் சேர்ந்தோரின் பணியும் இவ்வாறே நீட்டிக்கப்பட்டது. அவர்கள் தொடுத்த வழக்குகளும் வெல்லவில்லை. 2009-இல் கேட்ஸ் இந்நடைமுறையைப் படிப்படியாக நிறுத்தினார். நீட்டிக்கப்பட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் 500 டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது.

நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2006-இல் வெளியிட்ட அறிக்கை, எல்லாப் படைப்பிரிவுகளிலும் ஆள்சேர்ப்பாளர் மீதான முறைகேட்டுப் புகார்கள் ஓராண்டில் சுமார் 4,400-இலிருந்து 6,500-ஆக உயர்ந்ததாகவும், உறுதி செய்யப்பட்டவை 400-க்குச் சற்று மேலிருந்து ஏறத்தாழ 630 ஆனதாகவும் கூறியது.

பிற நாடுகள்

பிரிட்டனில் போர்ச் செயலர் ஹால்டேன் 1908-இல் அமைத்த பிராந்தியப் படை உள்நாட்டுக் காவலுக்கு மட்டுமே. 1914-இல் கடல் கடந்து செல்ல வீரரிடம் தனி ஒப்புதல் பெற்றனர். 1916-ஆம் ஆண்டின் கட்டாயப் படைப்பணிச் சட்டம் அந்தத் தெரிவைப் பறித்தது.

இந்தியாவின் பிராந்திய ராணுவத்தை 1949 அக்டோபர் 9-இல் தலைமை ஆளுநர் ராஜாஜி தொடங்கி வைத்தார். ஏற்கெனவே வருவாய் தரும் தொழிலில் இருப்பவரே இதில் அலுவலராகச் சேரலாம். இது பிழைப்புக்கான வேலை அன்று என்று ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே சொல்லப்படுகிறது. வேலை தேடுவோரிடம் வேலையாக விற்காமல், வேலை உள்ளவரிடம் தொண்டாகக் கேட்கும் இம்முறை அமெரிக்க முறையைவிட நேர்மையானது.

இன்றைய நிலை

முழக்கம் தலைப்பிலிருந்து நீங்கினாலும், அதே நாள் கணக்கு அமெரிக்க ஆள்சேர்ப்புப் பக்கங்களில் வழக்கமான கடப்பாடு என்னும் பெயரில் தொடர்கிறது. 2021 ஜனவரியில் வாஷிங்டன் காவலுக்குச் சுமார் 26,000 காவல்படையினரும், 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கலிபோர்னியக் காவல்படையினரும் அனுப்பப்பட்டனர். அழைப்பு அதிகாரங்களின் கால அளவை ஊதிய விவரத்துக்கு இணையான எழுத்தில் விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும் என்பதே இத்துறையில் செய்யப்படாமல் இருக்கும் முதன்மையான சீர்திருத்தம்.