இரண்டு ஆசிரியர்கள், ஒரு மாணவர், நாலு புட்டிப் பொடி



ஹர் கோபிந்த் குரானா 1968-ல் நோபல் பரிசு பெற்றவர் என்று பொது அறிவுக்காக எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இன்று எழுதுகிறேன்.

முல்தான் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த குரானா, முதல் நான்கு ஆண்டுகள் படித்தது மரத்தடியில். டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வகை மணிகளைக் கோத்த மாலை. அமெரிக்காவில் அவர் குழு பல ஆண்டுகள் பாடுபட்டு, 77 இணை மணிகள் கொண்ட ஒரு மரபணுவை முழுக்கச் செயற்கையாகச் செய்து 1970-ல் அறிவித்தது. அந்த முறையில் ஒரு மணி கோக்கவே மணிக்கணக்காகும்.

ராபர்ட் லெட்சிங்கர் என்ற இன்னொரு பேராசிரியர் 1970-களின் நடுவில் நிமிடங்களில் கோக்கும் வழி கண்டார். ஆனால் அவருடைய வேதிப்பொருள் பொல்லாதது. கடுங்குளிரில்தான் கையாள வேண்டும். ஈரம் பட்டால் கெட்டுவிடும்.

லெட்சிங்கரிடம் முனைவர் பட்டம் பெற்று, பிறகு குரானாவிடம் பணியாற்றியவர் மார்வின் காருதர்ஸ். அவரும் போகாஜும் 1981-ல் அந்தப் பொருளில் குளோரின் இருந்த இடத்தில் ஓர் அமீன் தொகுதியை வைத்தார்கள். அவ்வளவுதான், பொல்லாத பொருள் புட்டியில் அடங்கும் பொடியானது! பெயர் பாஸ்போரமிடைட். டெட்ரசோல் சேர்த்தால்தான் விழித்துக்கொள்ளும். நாலு எழுத்துக்கு நாலு புட்டி; கோக்கும் வேலையை இயந்திரம் பார்த்துக்கொண்டது.

ஒரு கணக்கு: ஒவ்வொரு கோப்பும் 99 சதவீதம் வெற்றி என்றால் 100 மணி மாலை எத்தனை முழுசாக வரும்? நூற்றுக்கு 37 தான்! 99 மார்க்கும் போதாத இடம் இது.

பிறகு மாலையை மாற்றியும் கோத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அயோடினுக்குப் பதில் கந்தகம் தரும் பொருளை விட்டால், உடலின் நொதிகள் எளிதில் வெட்ட முடியாத இழை கிடைக்கும். அப்படிச் செய்த ஃபோமிவிர்சன், எய்ட்ஸ் நோயாளிகளின் கண் பார்வையைக் காக்க 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கொரோனா பிசிஆர் பரிசோதனையில் கிருமியைக் காட்டிக்கொடுத்ததும் நுனியில் ஒளிரும் சாயம் கட்டிய இழைதான்.

இரண்டு ஆசிரியர்களின் வித்தை ஒரே மாணவரிடம் சேர்ந்தது. அவர் அதை எவரும் எடுத்தாளும்படி புட்டியில் அடைத்துக் கொடுத்தார். ஓர் ஆசிரியனுக்கு இதைவிட மகிழ்ச்சி என்ன வேண்டும்?

உங்களில் ஆய்வகத்தில் இருப்பவர்கள், இந்தப் புட்டிகளைக் கையாண்ட அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். இப்போது பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் படிக்கட்டும்.