மேற்கு வங்கத்தின் மாநில விலங்கான மீன்பிடிப் பூனை: காப்பகங்களுக்கு வெளியே தொடரும் வாழ்வு

மேற்கு வங்கக் கிராமங்களில் புலிக்குட்டி பிடிபட்டதாகவோ, சிறுத்தை நடமாடுவதாகவோ பரவும் தகவல்கள், வனத்துறையினர் நேரில் சென்று பார்க்கும்போது பல நேரங்களில் மீன்பிடிப் பூனையில் முடிகின்றன. சாம்பல் கலந்த மங்கிய பழுப்பு நிறம், உடல் முழுவதும் கரும்புள்ளிகள், 5 முதல் 16 கிலோ வரையிலான எடை ஆகியவை அந்தக் குழப்பத்துக்குப் போதுமானவை. வீட்டுப் பூனையைப் போல ஏறத்தாழ இருமடங்கு பெரிய இந்தக் காட்டுப்பூனைதான் 2012 முதல் மேற்கு வங்கத்தின் மாநில விலங்கு.

குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். வங்க மொழியில் இதனை 'பாக்ரோல்' என்றும், 'மேச்சோ பிராள்' என்றும் அழைப்பர். 'மேச்சோ பாக்' என்ற வழக்கும் உண்டு. 'பாக்' என்றால் புலி. மீனைத் தின்னும் பூனை புலியாக அறிவிக்கப்பட்டுவிட்டால், தடியுடன் கூட்டம் திரளத் தாமதமாவதில்லை. செய்திகளை மொழிபெயர்ப்போர் 'பூனை' என்ற சொல்லைக் கைவிடாதிருப்பது நல்லது.

நீருக்கேற்ற உடல்

பிரிட்டனைச் சேர்ந்த விலங்கியலாளர் எட்வர்ட் டர்னர் பென்னட் 1833-இல் இந்த இனத்தை அறிவியல் உலகுக்கு விவரித்தார். இதன் கால்விரல்களுக்கிடையே பாதியளவு சவ்வு படர்ந்துள்ளது. நகங்களை உள்ளிழுத்த நிலையிலும் அவற்றின் நுனி வெளியே தெரியும். வால் குட்டையானது, தடித்தது. தோலையொட்டி அடர்ந்து வளரும் குறுமயிர், குளிர்ந்த நீர் உடலைத் தொடாமல் தடுக்கிறது. புள்ளிகளைக் காட்டும் நீண்ட மயிர் அதற்கு மேல் அமைந்துள்ளது.

பெரும்பாலும் இரவில், கரையோரத்தில் அசையாமல் அமர்ந்து காத்திருக்கும். ஆழம் குறைந்த இடத்தில் பாதத்தால் மீனை வாரி எடுக்கும். தேவையெனில் தலை முதலில் நீருக்குள் பாயும். மீன் தவிர எலி, நண்டு, பறவை, பாம்பு ஆகியவற்றையும் உண்ணும். கருக்காலம் 63 முதல் 70 நாட்கள். பொதுவாக இரண்டு அல்லது மூன்று குட்டிகள் பிறக்கும்.

சிலிகா காட்டிய கணக்கு

இமயமலை அடிவாரத்தின் தெராய் பகுதி, கங்கைச் சமவெளி, சுந்தரவனம், கிழக்குக் கடலோரக் கழிமுகங்கள் என இந்தியாவில் நீர் தேங்கும் நிலங்களிலேயே இது காணப்படுகிறது. நேபாளம், வங்கதேசம், இலங்கை, மியான்மர், தாய்லாந்து, கம்போடியா ஆகிய நாடுகளிலும் உண்டு. கொழும்பு நகரின் சதுப்பு நிலங்களில்கூட வாழ்கிறது.

ஆந்திரப் பிரதேசத்தில் காக்கிநாடா அருகேயுள்ள கோரிங்கா சரணாலயத்தில் 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 115 பூனைகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. ஆனால் கூடுதல் கவனத்துக்குரியது ஒடிசாவின் சிலிகா ஏரி. 1,100 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த இந்த ஏரியில், நளபானா பறவைகள் சரணாலயம் ஒரு சிறு பகுதி மட்டுமே. சிலிகா மேம்பாட்டு ஆணையமும் 'மீன்பிடிப் பூனைத் திட்டம்' என்ற அமைப்பும் இணைந்து 2021-இல் ஏரியின் வடக்கு, வடகிழக்குச் சதுப்பு நிலங்களிலும், 2022-இல் பாரிகுட் பக்கத் தீவுகளிலும் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தின. உடற்புள்ளிகள் ஒவ்வொரு பூனைக்கும் வேறுபடுவதால், படங்களைக் கொண்டு தனித்தனியே அடையாளம் காண முடிந்தது. மதிப்பீடு: 176. பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிக்கு வெளியே இந்த இனத்துக்கு நடத்தப்பட்ட உலகின் முதல் கணக்கெடுப்பு இதுவென அறிவிக்கப்பட்டது. மீனவர்களும் கிராமத்தினரும் அதில் பங்கேற்றனர்.

நிலம் யாருடையது?

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கு இணையான இடம் இந்தப் பூனைக்கு வழங்கப்பட்டுள்ளது. இதனைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். எனினும், அது பதுங்கும் நாணற்காட்டுக்கு அத்தகைய காப்பு இல்லை.

கொல்கத்தாவை அடுத்த ஹவுரா மாவட்டத்தில் நாணலும் சம்பும் வளரும் நிலங்கள் பல தனியாருக்குச் சொந்தமானவை. வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பயன்படும் நாணல் வருவாய் தரும் வரையில் நிலம் அப்படியே இருக்கும். வருவாய் குறைந்தால் மீன்குளமாகவோ, செங்கற்சூளையாகவோ, வீட்டுமனையாகவோ மாறும். 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், ராம்சர் பட்டியலில் உள்ள இடங்களுக்கும் அரசு தனியாக அறிவிக்கை செய்யும் ஈரநிலங்களுக்குமே பொருந்தும். நெல்வயல்களையும் மீன்வளர்ப்புக்காக வெட்டப்பட்ட குளங்களையும் அவை ஈரநிலமாகவே கருதுவதில்லை. பூனையோ இந்த வேறுபாட்டை அறியாது. மீன் கிடைக்கும் இடத்துக்குச் செல்கிறது. குளத்து மீனையும் கோழியையும் இழந்தவர்கள் கண்ணி வைப்பதும் நஞ்சு இடுவதும் அங்கிருந்தே தொடங்குகின்றன. சாலை விபத்துகளிலும் பல பூனைகள் மடிகின்றன.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008-இல் இதனை 'அருகிவரும் இனம்' என வகைப்படுத்தியது. 2016-இல் அதற்கு ஒரு படி குறைந்த ஆபத்து நிலையான 'அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனம்' என மாற்றியது. அந்த மாற்றத்தால் ஹவுராவின் நாணல் நிலம் ஒரு சதுர அடிகூடக் கூடவில்லை.

அறுவடையின்போது வயலோரப் புதர்களில் தனித்துக் கிடக்கும் குட்டிகளைப் பெரும்பாலும் தாய் கைவிட்டிருக்காது. இரை தேடி அருகில் சென்றிருக்கும். அவற்றைத் தொடாமல், கூட்டம் சேர விடாமல், வனத்துறைக்குத் தகவல் தெரிவிப்பதே முறை.